கோவையும் பாலக்காடும்

கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆயினும் ஜூன் மாதத்தில் எல்லையிலுள்ள வாளையாற்றைக் கடந்தவர், வேறொரு தேசத்தில் பிரவேசித்ததுபோல ஈர மண்ணையும் பச்சை வயல்களையும் கண்டு அதிசயிப்பார்.

பாலக்காடு கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலும், கோவை 400 மீட்டருக்குச் சற்று மேலும் அமைந்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த கணவாயின் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையில் பெரும்பகுதியை அப்பாலேயே பொழிந்துவிட்டு, குளிர்ச்சியையும் வேகத்தையும் மாத்திரம் நமக்குக் கொண்டுவருகிறது. பாலக்காட்டில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டரையும் எட்டும் மழை, கோவையில் 700 மில்லிமீட்டரளவே. அதிலும் நமது பிரதான மழைக்காலம் ஐப்பசியை ஒட்டியது. பங்குனி, சித்திரையிலோ பாலக்காட்டு உஷ்ணம் நம்முடையதை விஞ்சிவிடும்.

பிரயாணச் செலவைப் பார்ப்போம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவழிக்கே மூன்று லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். நூறு ரூபாயைத் தாண்டிய இன்றைய விலையில் அது முந்நூறு ரூபாய்க்கு மேல், சுங்கம் தனி. முன்பதிவில்லாத சாதாரண ரயிலிலோ குறைந்தபட்சக் கட்டணமே 10 ரூபாய். பாலக்காட்டுக்குச் சற்றே கூடுதல். 1862-இல் கோவையை அடுத்த போத்தனூரையும் பாலக்காட்டுக்கு அப்பாலுள்ள பட்டாம்பியையும் இணைத்த இந்த ரயில் பாதை, ஏழைக்கும் எளியவருக்கும் இன்றளவும் மகத்தான உபகாரம்.

ஆகவே, ஆனி, ஆடியில் பாலக்காடு செல்வோர் ரயிலிலேயே செல்லுங்கள். கோவையில் வெயிலடித்தாலும் குடையை மறவாதீர்கள்.