எள்ளலும் இசைவும்

(சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகை பிறக்கும் நிலைக்களன் நான்கெனத் தொல்காப்பியனார் கூறினர். அவற்றுள் முதலாவது எள்ளல். பிறரைத் தான் எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவழித் தானும் நகுதலும் என அதனைப் பேராசிரியர் இரண்டாக்கினர். எள்ளப்பட்டவன் நகவியலாத இடமும் ஒன்றுண்டு. இணையம் அதனை நமக்குக் காட்டியது.

கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்திலே, 2002-ஆம் ஆண்டில், பள்ளிச் சிறுவனொருவன் கோலொன்றை வாளெனச் சுழற்றித் தன்னைத் தானே படம்பிடித்தான். பிறர் காண எடுத்ததன்று அது. மறு ஆண்டில் உடன்பயின்றோர் அதனைக் கண்டெடுத்து இணையத்தில் ஏற்றினர். கோடிக்கணக்கானோர் நகைத்தனர், ஒளியும் இசையுங் கூட்டிப் புதுப்புது வேடிக்கைகளுஞ் செய்தனர். சிறுவனோ பள்ளியை விட்டு நீங்கினான். பெற்றோர் தொடுத்த வழக்கு 2006-இல் சமாதானமாயிற்று. படம் இன்றளவும் அழிந்திலது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென நம் உச்ச நீதிமன்றத்தார் ஒன்பதின்மர் 24-8-2017-இல் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். நன்று. ஆயினும், மைத்துனன் கைச் செல்பேசிக்குக் காவலிடுவார் யார்?

நடிகர் வடிவேலு அவர்களின் முகத்தை இளைஞர் மீம் ஆக்குதலை யான் குறைகூறேன்; நகைப்பித்தலே அவர் தொழில். ஆனால் சென்ற தை மாதத்துத் திருமணத்திலே பந்தியில் அமர்ந்தபடி கண்ணயர்ந்த முதியவர் ஒருவரின் படம், கேலிமொழியோடு நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் உலவிற்று. அவரிடம் இசைவு கேட்டார் ஒருவருமிலர். யானும் நகைத்து நால்வர்க்கு அனுப்பினேன்.

ஆண்டுதோறும் முன்வரிசையில் அமர்வார் அவர். இன்று வந்திலர்.