பிறந்தநாள் கேக் கற்றுத் தந்த பாடம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் தாய் ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கம்மா, அது போதும்" என்று தலைமையாசிரியர் தைரியம் சொன்னார். எனக்குத் தெரிந்தது கேக். வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து, அதன்மேல் ஃபாண்டன்ட் என்கிற சீனி மாவைப் போர்த்தி அலங்கரிப்பது. பரிசளிப்பு விழாவில் கேக் பேச்சா என்று நீங்கள் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இதில் படிப்பும் உண்டு, கணக்கும் உண்டு, நான் தலைகுனிந்து நின்ற கதையும் உண்டு.

ஃபாண்டன்ட் ஒன்றும் பெரிய மந்திரமல்ல. ஐசிங் சீனியைச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கட்டையால் தேய்த்து, கேக்கின் மேல் போர்த்துவதுதான். வழவழவென்று துணி விரித்தாற்போல் அழகாக இருக்கும். மிச்சமாகும் மாவில் பூ, இலை, பொம்மை என்று பிடித்ததையெல்லாம் செய்து ஒட்டலாம்.

என் மகள் நான்காம் ஆண்டு படித்தபோது, பிறந்தநாளுக்குப் பொம்மை வைத்த கேக் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கடையில் விலை கேட்டேன். அந்தப் பணத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு மளிகைச் சாமான் வாங்கிவிடலாம். சரி, நாமே செய்வோம் என்று துணிந்தேன். யாரோ கொடுத்த குறிப்பைப் பார்த்து, ஜெலட்டின் தூள் வாங்கி வந்து, தோட்ட வேலை முடிந்த பிறகு நடு இரவு வரை விழித்திருந்து செய்து முடித்தேன்.

மறுநாள் மாலை வீடு நிறைய ஆட்கள். நடுவில் நாற்காலி போட்டு என் மாமியாரை உட்கார வைத்திருந்தோம். அவர் பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. கேக் வெட்டப் போகும் நேரம். அடுப்படிக்குப் போன என் மகள், காலியான ஜெலட்டின் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இதுல லெம்புன்னு போட்டிருக்கே. லெம்புன்னா மாடுதானே?"

எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்கினேனே தவிர, பின்பக்கத்தைப் படிக்கவில்லை. மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் மனம் தடுமாறியது. பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டேன். சாப்பிடலாம் என்பவர்கள் சாப்பிட்டார்கள். பாதிக் கேக் அப்படியே நின்றது. என் மாமியார் தொடவில்லை. ஆனால் பேத்தியைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து, "நல்ல வேளைடா கண்ணு, நீ படிச்சே" என்றார். அந்த ஒரு சொல் எனக்குச் சூடும் போட்டது, ஆறுதலும் தந்தது.

தாய்மார்களே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெலட்டின் என்பது மாடு, பன்றி, மீன் போன்றவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று நம்பலாம். மாடு இல்லை என்று அதற்குப் பொருளல்ல. உருக்கி ஃபாண்டன்ட் செய்கிறார்களே, அந்த மார்ஷ்மெலோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். கடையில் ஆயத்தமாக விற்கும் ஃபாண்டன்டில் ஜெலட்டின் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. விருந்துக்கு வருபவர்கள் பல மதத்தார், பல பழக்கத்தார். ஆகவே, படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஜெலட்டின் இல்லாமலே செய்ய ஒரு பழைய முறை இருக்கிறது. ஐசிங் சீனி 500 கிராம், முட்டை வெள்ளைக்கரு ஒன்று, குளுக்கோஸ் பாகு 2 மேசைக்கரண்டி. வெள்ளைக்கரு இதில் வேகாது. சிறு பிள்ளைகள் சாப்பிடுவதால், பச்சை முட்டைக்குப் பதில், கேக் சாமான் கடையில் கிடைக்கும் பதப்படுத்திய வெள்ளைக்கருத் தூளைத் தண்ணீரில் கரைத்துச் சேர்ப்பதே நல்லது. அதையும் குளுக்கோஸையும் கலந்து, சலித்த சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வெடிப்பில்லாமல் வரும்வரை பிசையுங்கள். கொழுக்கட்டை மாவுக்கு ஈரத்துணி போட்டு மூடுவோமே, இதற்கு அது ஆகாது. சீனி கரைந்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள்.

மாணவர்களே, இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. கேக்கின் அகலம் 6 அங்குலம், உயரம் 3 அங்குலம். மேலும் பக்கமும் மூடுவதற்கு எவ்வளவு அகலமான வட்டம் தேய்க்க வேண்டும்? மேலே 6, இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3. ஆக 12 அங்குலம். ஓரம் வெட்ட ஒன்று கூட்டினால் 13. கனம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். முதல் தடவை நான் கணக்குப் போடாமல் கண்மதிப்பில் தேய்த்தேன். போர்த்தியபோது ஒரு பக்கம் எட்டவே இல்லை!

இன்னொன்று. ஃபாண்டன்ட் குறையை மூடிவிடும் என்று நினைத்தேன். மூடாது. அடியில் மேடு பள்ளம் இருந்தால் அது அப்படியே வெளியே தெரியும். கேக்கைச் சமமாக வெட்டி, பட்டர் கிரீமை மெல்லியதாகப் பூசி, குளிர்பெட்டியில் அரைமணி நேரம் இறுக வைத்து, அதன் பிறகே போர்த்த வேண்டும். நம் ஊர் வெக்கைக்குப் பட்டர் இளகும். அதனால் 2 பங்கு கறுப்புச் சாக்லேட்டும் 1 பங்கு சூடான கிரீமும் கலந்து ஆறவைத்துப் பூசினால் இன்னும் உறுதியாக நிற்கும்.

மாவு வெடித்தால், தாவர எண்ணெயில் செய்த ஷார்ட்டனிங் கொஞ்சம் கையில் தொட்டுப் பிசையுங்கள். ஒட்டினால் சோளமாவைத் தூவுங்கள். காற்றுக் குமிழ் தெரிந்தால் சுத்தமான ஊசியால் குத்தித் தடவிவிடுங்கள். தண்ணீர்ச் சாயம் ஊற்றினால் மாவு பிசுபிசுத்துப் போகும். பசை போன்ற சாயத்தைப் பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்துச் சேருங்கள். போர்த்தி முடித்த கேக்கைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அது முத்து முத்தாக வியர்க்கும். ஈரக்காற்றுப் பட்டதால் வருவது அது. தொடாமல் விட்டால் மெல்லக் காய்ந்துவிடும். பதறிப் போய்த் துணியால் துடைத்தால் அழகு போய்விடும்.

மறு வருடம் அதே மகளுக்கு அதே பொம்மைக் கேக் செய்தேன். இம்முறை ஒவ்வொரு பாக்கெட்டையும் அவளே உரக்கப் படித்தாள். மலாய்ச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொன்னாள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். விழா அன்று முதல் துண்டைப் பேத்தி ஊட்டினாள். பாட்டி வாங்கிச் சாப்பிட்டார். பொம்மையின் ஒரு கை கொஞ்சம் கோணல்தான். அதை யாரும் கவனிக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு கிடைக்காத பிள்ளைகளே, என் மகளும் அந்த வருடம் மேடையேறிப் பரிசு வாங்கியவள் அல்ல. ஆனாலும் அவள் படித்த ஒரே ஒரு சொல், அன்று ஒரு பெரியவரின் மனம் நோகாமல் காத்தது. படிப்பு வீட்டுக்கு அப்படித்தான் வந்து உதவும்.

பெற்றோர்களே, நமக்குத் தெரியாததைப் பிள்ளையிடம் கேட்பதில் வெட்கமில்லை. ஒரு முறை கெட்டுப் போனால் விட்டுவிடவும் வேண்டாம். இந்த வருடம் உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு சின்ன கேக்கைச் சேர்ந்து செய்து பாருங்கள். பாக்கெட்டை அவனைப் படிக்கச் சொல்லுங்கள். அளவை அவளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.