பேசப் போகிறோம், ஏமாறப் போகவில்லை

(கரும்பு விவசாயிகள் ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாக்கிப் பணத்துக்காக ஆலை நிர்வாகத்தோடு முத்தரப்புப் பேச்சுவார்த்தைக்குப் போகிறோம். "பேசிப் பிரயோஜனமில்லை, மறியல்தான்" என்கிறார்கள் சிலர். "பாதி கொடுத்தாலும் வாங்கிக்குவோம்" என்கிறார்கள் சிலர். இரண்டும் சரியில்லை.

டெல்லியை நினைத்துப் பாருங்கள். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் கடைசியில் விவசாயிகள் எல்லையில் உட்கார்ந்தார்கள். அரசு பேசக் கூப்பிட்டது, போனார்கள். டிசம்பர் 3 அன்று அரசு வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. தாங்கள் கொண்டுபோனதைத்தான் சாப்பிட்டார்கள். அடுத்த சுற்றில், "ரத்து உண்டா, இல்லையா?" என்று அட்டையைத் தூக்கிக் காட்டி, வாய் திறக்காமல் உட்கார்ந்தார்கள். அதுதான் கறார்!

டிசம்பர் 30 அன்று மின்சார மசோதாவிலும், வைக்கோல் எரிப்பு அபராதத்திலும் அரசு இறங்கி வந்தது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மிச்சத்துக்கு நின்றார்கள். 2021 ஜனவரி 20 அன்று, "ஒன்றரை வருடம் நிறுத்திவைக்கிறோம்" என்றது அரசு. தலைவர்கள் அங்கேயே தலையாட்டிவிடவில்லை. தங்கள் கூட்டத்தில் வைத்துப் பேசி, மறுநாள் வேண்டாம் என்றார்கள். பதினோரு சுற்றோடு பேச்சு நின்றது. அவர்கள் நகரவில்லை. நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் சட்டங்களை ரத்து செய்தது. மற்ற கோரிக்கைகளுக்கு டிசம்பர் 9 அன்று அரசு கடிதம் கொடுத்தது. அதன் பிறகே கூடாரத்தைப் பிரித்தார்கள்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரணும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. நாம் கேட்பது பிச்சை இல்லை!

ஆனால் நம் கையும் சுத்தமாக இருக்கணும். பாக்கியை ஏத்திச் சொல்லாதீர்கள். எடைச் சீட்டைக் கொண்டு வாருங்கள். அதில் இருக்கிற டன்னுக்குத்தான் கேட்போம். ஒரு பொய்க்கணக்கு பிடிபட்டால், அதைக் காட்டியே அத்தனை பேர் கணக்கையும் தள்ளிவிடுவார்கள்.

"உங்களுக்கு மட்டும் முதலில் பட்டுவாடா" என்று தனியாகக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். ஒருபக்கம் சங்கத்தோடு பேசிக்கொண்டே மறுபக்கம் ஆளைப் பிரிப்பது நாணயமான பேச்சு ஆகாது. அதை அந்தக் கூட்டத்திலேயே கேட்போம்.

வாய்ச்சொல்லை நம்பி எழுந்து வரமாட்டோம். தொகை, தேதி, வட்டி மூன்றும் எழுத்தில் வேண்டும், கலெக்டர் முன்னிலையில். உங்களைக் கேட்காமல் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம். போட்டுவிட்டால், அந்தத் தேதிவரை நம் சொல்லையும் காப்போம். தேதி தவறினால் மறுநாள் காலையில் ஆலை வாசலில் நிற்போம்.

எடைச் சீட்டோடு, குடும்பத்தோடு திரண்டு வாரீர்!