தொடாமல் விடும் மருந்து

புற்றுநோய்க்கு மருந்து என்றாலே முடி கொட்டும், வாய் புண்ணாகும், உண்ட சோறு உடம்பில் தங்காது என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் அறிந்த செய்தி. அப்படி அறிந்ததில் பிழையும் இல்லை. விரைந்து பெருகும் உயிரணு எதுவாயினும் அதைத் தாக்குவதே நெடுங்காலம் அம்மருந்துகளின் சுபாவமாக இருந்தபடியால், நோயுற்ற அணுவோடு மயிர்க்காலின் அணுவும் குடலின் உட்புற அணுவும் சேர்ந்து மடிவது தவிர்க்க இயலாததாயிற்று. இதனின்றும் மாறுபட்டு, குற்றம் புரிந்த புரதத்தைத் தெரிந்தெடுத்துத் தடுத்து, ஏனையவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றைத் தொடாமல் விடுகிற ஒரு மருந்தைப் பற்றியே, வானொலி நிலையத்தார் அன்புடன் அளித்துள்ள இந்தக் கால் மணி நேரத்தில் பேச எண்ணியிருக்கிறேன். இமாடினிப் என்பது அதன் பெயர்.

மரக்காணத்தில் உப்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்து, உயிர்வேதியியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஊருக்குப் போயிருந்தபோது ஒருமுறை இம்மருந்தின் பெருமையைச் சற்று உற்சாகமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அளத்திலேயே ஆயுளைக் கழித்த அடுத்த வீட்டுப் பெரியவர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, வெசம்னா எல்லாத்தையுந்தான் கொல்லும். இது ஒண்ண மட்டும் பாத்துக் கொல்லுதுன்றியே, அதுக்கு இன்னா கண்ணா இருக்குது?" என்றார். விஞ்ஞானிகள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் இதுவேயாகும்.

அம்மருந்து தடுக்கும் புரதம் கைனேஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. உயிரணுவுக்கு வேண்டிய சக்தியைத் தாங்கி நிற்கும் ஏடிபி என்னும் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, வேறொரு புரதத்தின் மேல் பொருத்துவது அதன் காரியம்; அவ்வளவே. ஆயினும் அந்த ஒரு பாஸ்பேட் ஏறியதும், அதுவரை சும்மா கிடந்த புரதம் விழித்துக்கொள்ளும். சில சமயம் விழித்திருந்தது ஓய்ந்துவிடும். வளர், பிரி, நில், மடி என்று உயிரணுவுக்குள் ஓடும் கட்டளைகளுள் மிகப் பல இவ்விதமே கைமாறுகின்றன. மனித உடலில் இத்தகைய கைனேஸ்கள் 518 என்று 2002-ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள்.

எங்கள் பக்கத்து நேயர்களுக்கு இதை விளக்க, அளத்து மடையைக் காட்டிலும் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. ஒரு பாத்தியின் நீர் வெயிலில் போதிய அளவு முறுகியதும் மடையைத் திறந்து அடுத்த பாத்திக்கு விடுகிறோம், விட்டதும் அடைக்கிறோம். அடைக்க மறந்த மடை என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறும் வியாதியில் நிகழ்வது அதுவே. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஓர் அணுவில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தத்தம் நுனித் துண்டுகளை மாற்றிக்கொண்டுவிட, ஒட்டிய இடத்தில் ஏபிஎல் என்னும் கைனேஸ், பிசிஆர் என்னும் மற்றொரு புரதத்தோடு இணைந்து பிறக்கிறது. அப்படிப் பிறந்தது தன்னை அடைத்துக்கொள்ள அறியாது. வெள்ளை அணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன. குட்டையாகிப்போன அந்த 22-ஆம் குரோமோசோமை 1960-இல் பிலடெல்பியாவில் நவெல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர் கண்டதும், அது துண்டு மாறியதன் விளைவு என்பதை 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரவ்லி அம்மையார் நிறுவியதும் தனியே ஓர் உரைக்கு உரியவை. நேரம் கருதிக் கடந்து செல்கிறேன்.

ஆனால் ஒரு கதையை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. ஏபிஎல் போன்ற கைனேஸ்கள் பாஸ்பேட்டை ஏற்றும் இடம் டைரோசின் என்னும் அமினோ அமிலம். அப்படி ஓர் இடம் உண்டென்பதே 1979 வரை ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் சால்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டோனி ஹன்டர், பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும் சோதனையில், புதிய கரைசல் தயாரிக்கச் சோம்பி, பலமுறை பயன்படுத்திய பழையதையே ஊற்றினார். அதன் பிஎச் அளவு 1.9-லிருந்து 1.7-க்கு இறங்கி அமிலம் சற்றே மிகுந்திருந்தபடியால், வழக்கமாக ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு பொட்டுகள் விலகி நின்றன. அவற்றுள் ஒன்று, அதுவரை எவரும் காணாத டைரோசின் பாஸ்பேட். இதை அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, இதைக் கேட்டுப் பழைய கரைசலைச் சேர்த்துவைக்கப் புறப்பட்டுவிடாதீர்கள். அவ்வகைச் சோதனைகளின் முடிவுகள் பெரும்பாலும் குப்பைக்கூடைக்கே போகும்.

இனி, பெரியவர் கேட்ட கண்ணுக்கு வருவோம். கைனேஸைத் தடுப்பது அப்படியொன்றும் அரிய காரியமன்று. ஜப்பானில் சதோஷி ஓமுராவும் அவருடைய குழுவினரும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1977-இல் பிரித்தெடுத்த ஸ்டாரோஸ்போரின் என்னும் பொருள், கைனேஸ்களை அபார வல்லமையோடு தடுப்பது 1986-இல் தெரியவந்தது. ஆனால் ஸ்டாரோஸ்போரின் போய் உட்காருவது ஏடிபி உட்காரும் பள்ளத்தில்; அந்தப் பள்ளமோ எல்லாக் கைனேஸ்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அது பேதமின்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது. ஆய்வுக்கூடங்களில் உயிரணுவைச் சாகடித்துக் காட்ட வேண்டுமென்றால் இன்றும் நாங்கள் எடுப்பது அந்தப் புட்டியைத்தான்.

ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடனும் யூர்க் சிம்மர்மனும் வேறொரு வழியில் போனார்கள். அவர்கள் தொடங்கிய சேர்மம், புரதக் கைனேஸ் சி என்னும் வேறொரு கைனேஸைத் தடுப்பது. சிற்சில மாறுதல்கள் செய்தபின் ஏபிஎல் வகையையும் சேர்த்துத் தடுத்தது. அதன் வளையம் ஒன்றின் ஓரத்தில் ஒரு மெதில் தொகுதியை, அதாவது ஒரு கார்பன் அணுவையும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களையும், பொருத்திப் பார்த்தார்கள். அந்தச் சிறு பொருத்தத்தால் மூலக்கூறு ஒருபுறமாகத் திருகி நின்றுவிட, புரதக் கைனேஸ் சி-யில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. ஏபிஎல்லில் மட்டும் முன்போலவே பொருந்தியது. முப்பது ஆண்டுகளாக நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்துகாட்டும் மூலக்கூறுகளுள், இந்த ஒரு மெதிலை வரையும்போது மட்டும் சுண்ணக்கட்டியின் நிறத்தை மாற்றுவது என் வழக்கம்.

பொருந்தியது என்றேன்; எப்படிப் பொருந்தியது என்பதுதான் இந்த விஷயத்தில் என் நெஞ்சைக் கொள்ளைகொண்ட பகுதி. ஏபிஎல்லுக்கு எஸ்ஆர்சி என்று நெருங்கிய உறவு ஒன்று உண்டு. மருந்து தொடும் இடத்தில் இரண்டின் அமினோ அமிலங்களும் கிட்டத்தட்ட அப்படியே ஒத்திருக்கின்றன. இருந்தும் இமாடினிப் ஏபிஎல்லைப் பற்றுகிறது, எஸ்ஆர்சியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்தப் புதிருக்கு விடை சொன்னவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கத் தொடங்கி, பின் அமெரிக்கா சென்று படிப்பைத் தொடர்ந்த ஜான் குரியன். அவரும் அவருடைய குழுவினரும் மருந்தின் நெருங்கிய மாற்றுருவோடு சேர்த்தே ஏபிஎல்லைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி எடுத்த வடிவத்தை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். திறந்திருக்கும்போது மடைகளெல்லாம் ஒரே மாதிரிதான். ஓடும் தண்ணீருக்கு வழிவிட வேண்டிய திறப்பு வேறு எப்படி இருக்க முடியும்? அடைபட்டிருக்கும்போதோ, ஒவ்வொரு மடையின் மண்ணும் பலகையும் அதனதன் வாகில் படிந்து நிற்கும். கைனேஸ்களும் அப்படியே. வேலை செய்யும் கோலத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பவை, ஓய்ந்திருக்கும் கோலத்தில் வெவ்வேறு விதமாக மடங்கிக் கிடக்கின்றன. இமாடினிப் அந்த ஓய்ந்த கோலத்தைத்தான் அடையாளம் கண்டு, மீண்டும் திறக்க முடியாதபடி நுழைந்து நின்றுகொள்கிறது. ஆகவே, பெரியவரே, அதற்குக் கண் இல்லை. தான் புகக்கூடிய இடத்தில் புகுகிறது, புக முடியாத இடத்தை விட்டுவிடுகிறது.

இதை நான் மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் காட்டுவதுண்டு. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு பெண்மணியிடமிருந்து 1970-களில் எடுக்கப்பட்டு இன்றுவரை உலகெங்கும் வளர்க்கப்படும் கே562 என்னும் அணுக்கள் ஒரு குடுவையில். பிசிஆர்-ஏபிஎல் இல்லாத வேறொரு ரத்தப் புற்றணுவாகிய எச்எல்-60 மற்றொன்றில். இரண்டிலும் ஊட்டக்கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். அணுக்கள் தின்று பெருகி அமிலத்தைக் கழிக்கக் கழிக்க அது மஞ்சளாகும். மருந்தைக் கரைத்துவைத்த டிஎம்எஸ்ஓ திரவம் குளிர்பெட்டியில் கட்டியாக உறைந்திருக்கும். குப்பியை உள்ளங்கையில் சற்று மூடிப்பிடித்தால் இளகிவிடும். இரண்டு குடுவையிலும் ஒரே அளவு மருந்தை இட்டுவிட்டு, மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், எச்எல்-60 குடுவை மஞ்சளாகியிருக்கும். கே562 குடுவை சிவப்பு மாறாமலே இருக்கும். அதில் ஒரு துளியை டிரைபான் நீலச் சாயத்தோடு கலந்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், செத்த அணுக்கள் மையுண்ட நீலமாகவும் உயிருள்ளவை மினுமினுக்கும் வட்டங்களாகவும் தெரியும். கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப்பக்கத்து மாணவி ஒருத்தி எச்எல்-60 துளியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு மருந்து போட்டதே தெரியல சார்" என்றாள். தெரிந்து தடுக்கும் மருந்தைப் பற்றி நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த விளக்கம் அதுவே.

1996-இல் அமெரிக்காவில் பிரையன் டிரக்கர் என்னும் மருத்துவர் இத்தகைய சோதனையை நோயாளிகளின் அணுக்களிலேயே செய்துகாட்டினார்; 1998-இல் மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்; 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. நாளுக்கு 400 மில்லிகிராம் விழுங்கியவர்களுள் நூற்றுக்கு 89 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்ததாக 2006-இல் அறிவித்தார்கள்.

நிலையத்து நண்பர் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டுகிறார். ஆயினும் உப்புப் பற்றிப் பேசாமல் ஒரு மரக்காணத்துக்காரன் எழுந்திருப்பது முறையாகாது. மாத்திரையில் இருப்பது இமாடினிப் மெசிலேட் என்னும் உப்பு. அந்த உப்பின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டி, சீபா-கைகியின் வழிவந்த நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் விண்ணப்பித்ததும், 2006-இல் அது மறுக்கப்பட்டதும் நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று நடந்து, உச்ச நீதிமன்றத்தில் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி முடிந்தது. புதிய படிகம் தங்குதடையின்றி உதிர்கிறது, காற்றின் ஈரத்தைக் குறைவாக இழுக்கிறது, கெடாமல் நிலைத்திருக்கிறது என்பவை நிறுவனம் எடுத்துரைத்த பெருமைகளுள் சில. மெக்னீசியம் மிகுந்த உப்பு ஐப்பசிக் காற்றில் எப்படிக் கசியும் என்று அறிந்த எங்கள் ஊராருக்கு இப்பெருமைகள் நன்றாகவே விளங்கும். உற்பத்திக்கும் சேமிப்புக்கும் அவை உதவலாம், நோயைத் தீர்க்கும் திறன் அவற்றால் கூடிவிடாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. அப்போது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் ஆன மருந்தின் மறுபதிப்பை இந்திய நிறுவனங்கள் சுமார் 8,000 ரூபாய்க்கு விற்றுவந்த நிலை அதனால் காப்பாற்றப்பட்டது. நியாயமான தீர்ப்பு என்பதே என் துணிபு.

இனிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். இமாடினிப் தொடுவது ஏபிஎல் ஒன்றையே அன்று. கிட் முதலிய வேறு சில கைனேஸ்களையும் அது தடுக்கும், குடல் சார்ந்த ஒரு வகைக் கட்டிக்கு அதுவே மருந்தாகவும் ஆயிற்று. ஏபிஎல்லின் 315-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால் மருந்து உள்ளே நுழைய முடியாது. அதற்கென்று வேறு மருந்துகள் பின்னர் வந்திருக்கின்றன. கைனேஸ் இன்னதென்றும், அதை ஓய்ந்த கோலத்தில் பற்றுவது எப்படியென்றும் சொன்னேன்; எஞ்சியதை, கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுள் யாரேனும் படித்து, இன்னும் மருந்து காணாத கைனேஸ்களுக்கு மருந்து கண்டு, இதே நிலையத்துக்கு வந்து பேசுவார்கள் என்று நம்புகிறேன்.

அவர்கள் வரும்வரை, உங்களிடம் ஒரு வேண்டுகோள். காரணமற்ற சோர்வும், இடப்பக்க விலாவின் கீழே கனமும் நீடித்தால், வெயிலில் வேலை செய்த அலுப்பு என்று தள்ளிவிடாமல் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். இம்மருந்தை ஏற்கெனவே உட்கொள்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், உடம்பு தேறிவிட்டது என்றோ, வெளியூர்ப் பயணம் என்றோ, மருத்துவரைக் கேளாமல் ஒரு நாளும் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.