கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கம்: தொடக்கமும் தொடர்ச்சியும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமப் பெண்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1859ஆம் ஆண்டு தென் திருவிதாங்கூர் மறக்கவொண்ணாத ஆண்டு. ஒடுக்கப்பட்ட பெண்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்துக்குப் பணிந்து, அவ்வாண்டு ஜூலை 26 அன்று மன்னரின் பிரகடனம் மேலாடை அணிய அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற தடையையும் அதே பிரகடனம் விதித்தது. பெண்ணின் உடல்மீது அதிகாரம் யாருக்கு என்னும் கேள்வி இம்மண்ணில் அன்றே எழுந்துவிட்டது.

அதே 1859இல்தான் அமெரிக்க மருத்துவச் சங்கம் கருக்கலைப்புக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. பாஸ்டன் மருத்துவர் ஹொரேஷியோ ஸ்டோரர் 1857இல் தொடங்கிய இயக்கத்தின் விளைவு அது. மருத்துவச்சிகளை ஓரங்கட்டித் தொழிலைக் கைப்பற்றும் நோக்கமும், குடியேறிய கத்தோலிக்கரின் எண்ணிக்கை பெருகிவிடுமோ என்ற அச்சமும் அதன் பின்னே நின்றன. ஆக, அந்நாட்டில் இவ்வியக்கத்துக்கு முதற்கொடி பிடித்தவர்கள் மதகுருக்கள் அல்லர், மருத்துவர்களே. 1873இன் காம்ஸ்டாக் சட்டம் கருத்தடை, கருக்கலைப்பு குறித்த பொருள்களை அஞ்சலில் அனுப்புவதையும் குற்றமாக்கியது.

இந்தியாவில் இத்தடை காலனி ஆட்சியின் வழியே வந்தது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவின் கீழ், கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணையே குற்றவாளியாக்கியது. இதற்கு மாறாக, 1920இல் சோவியத் ரஷ்யா கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது. 1936இல் அங்கேயே அவ்வுரிமை பறிக்கப்பட்டு 1955இல் மீண்டது. எந்த ஆட்சியிலும் உரிமை தானே நிலைப்பதில்லை என்பதே அதன் பாடம்.

சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை அடுத்து, 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு எர்ணாகுளத்தில் மாபெரும் ஆண் கருத்தடை முகாம் நடந்தது. மக்கள்தொகைக் கணக்கே அன்றைய அரசின் முதற்கவலை. பெண்ணின் விருப்பம் பின்னரே வந்தது. 2021 திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்குக் கால வரம்பை 24 வாரமாக உயர்த்தியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும் என்றது. எனினும் பழைய தண்டனைப் பிரிவு, புதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சட்டம் இன்றும் விதிவிலக்கையே தருகிறது. முழு உரிமையைத் தரவில்லை.

தறியில் நெய்யும் பெண்ணும் முந்திரி ஆலைத் தொழிலாளியும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பதினெட்டு வயது நிறைந்தவருக்கு அவருடைய ஒப்புதல் மட்டுமே தேவை. கணவரின் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை. அவருடைய பெயரை வெளியிடுவது குற்றம். கையொப்பம் கேட்டுத் திருப்பி அனுப்பப்படும் பெண், நாட்டு மருந்தையோ போலி மருத்துவரையோ நாடி உயிரைப் பணயம் வைக்கிறாள். வசதி படைத்தவளுக்கு நகரத்துத் தனியார் மருத்துவமனை உண்டு. தடை ஏழையின் மீதே விழுகிறது.

நம்பிக்கையின் பேரில் கருவைச் சுமக்க முடிவெடுக்கும் பெண்ணும் மதிக்கத்தக்கவளே. அவளுக்கு மகப்பேற்று விடுப்பும், கூலி இழப்பீடும், குழந்தைக்குப் பாலும் கிடைக்கச் செய்வது நம் கடமை. முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அதற்காக, வட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் பாதுகாப்பான சேவையும், எல்லை மக்களுக்குப் புரியும் தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்புப் பலகையும் வேண்டுமெனக் குரல் எழுப்புவோம்!