விரும்புவதை மேலே எழுதுங்கள்



கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆனியும் ஆடியும் பெரும் கவலை மாதங்கள். மானாவாரிப் புஞ்சையில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்வது தையில், மாசியில். அந்தக் காசு சித்திரைக்குள் கடனுக்கும் கோயில் கொடைக்கும் கல்யாணச் செய்முறைக்கும் போய்விடும். பொறியியல் கலந்தாய்வு வருவதோ ஆடி, ஆவணியில். கையில் காசில்லாமல், அடுத்த விதைப்புக்கு விதைக்கும் உரத்துக்கும் ஆள் தேடுகிற நேரம் அது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற தாய்க்கு வாரக்கூலி வீட்டுச் செலவோடு சரி.

அந்த நேரம் பார்த்துத்தான் புரோக்கர் வாசலில் வந்து நிற்கிறார். "இப்பவே அட்வான்ஸ் கட்டிருங்க அண்ணாச்சி, அப்புறம் சீட் கிடைக்காது" என்கிறார். பதறிப்போய்க் கட்டுகிறோம். பணத்தை வாங்கிய கையோடு அசல் மதிப்பெண் பட்டியலையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கலந்தாய்வில் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்கும்போது, கல்லூரியில் சேரக் கையில் சான்றிதழ் இருப்பதில்லை. ஆகவே முதல் வேண்டுகோளை இப்போதே வைத்துவிடுகிறேன். கலந்தாய்வு முடிகிறவரை அசல் சான்றிதழ் உங்கள் கையை விட்டுப் போக வேண்டாம். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

நம் மாநிலத்தில் பொறியியல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 1984-இல் வந்த நுழைவுத் தேர்வு, 2006-இல் சட்டம் போட்டு நீக்கப்பட்டது. 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான். பயிற்சி வகுப்புக்குப் பெருநகரம் போக முடியாத கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் செய்த உதவி பெரிது. நம் கோவில்பட்டியிலேயே கே.ஆர். நகரில் நேஷனல் பொறியியல் கல்லூரி தொடங்கியது 1984-இல். சிவகாசியில் மெப்கோ கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டு. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி அதற்கும் மூன்று ஆண்டு முந்தியது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் பொறியியல் என்றால் மதுரை, காரைக்குடி, கோவை, கிண்டிதான். இன்று பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் கல்லூரி இருக்கிறது. ஆனால் அதற்குள் நுழைகிற வழியில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

கட்-ஆஃப் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பாட மதிப்பெண் அப்படியே நூற்றுக்கு. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, ஐம்பதுக்கு. மொத்தம் 200. கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்த பிள்ளைக்கு 90-உம் 40-உம் 42-உம் சேர்த்து 172. கணக்கில் ஒரு மார்க், இயற்பியலில் இரண்டு மார்க்குக்குச் சமம். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிற தம்பிகளும் பாப்பாக்களும் இதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

சான்றிதழ்களை மே மாதத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். சாதிச் சான்றிதழ், தேவைப்படுகிறவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படிப்படியாகப் போய்க் கையெழுத்தாகி வர வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நின்றால் நாள் ஆகத்தான் செய்யும். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்காத வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும். இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துப் படிக்கிற வீட்டில், யாருக்கு அதைப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 2021 சட்டப்படி 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இதே பிள்ளை பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். இது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. வயிறு எரிகிறது எனக்கு. உரிமையாக வருகிற இடத்தை விட்டுவிட்டு, வட்டிக்கு வாங்கி வேறு கல்லூரியில் கட்டுகிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கலந்தாய்வுக் காலத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து விருப்பப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். கழுகுமலைப் பக்கத்து மாணவி ஒருத்தி, லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டு, கல்லூரியின் குறியீட்டு எண், பாடம், பஸ் வசதி, விடுதி உண்டா இல்லையா என்று எழுதிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஆசை, திருநெல்வேலி அரசுக் கல்லூரியில் மின்னியல். ஆனால் நோட்டில் அது நாலாவது வரியில் இருந்தது. ஏன் பாப்பா என்று கேட்டால், "போன வருசம் அங்க கட்-ஆஃப் அதிகம் சார், கிடைக்காததை மேல போட்டா முதல் சாய்ஸ் வீணாப் போயிரும்னு மாமா சொன்னாங்க" என்றாள். முதல் வரியில், கட்டாயம் கிடைக்கும் என்று மாமா சொன்ன ஒரு கல்லூரி இருந்தது. மாற்றி எழுதச் சொன்னேன். வீட்டுக்குப் போய் மாமா பேச்சைத்தான் கேட்டாள். கட்டாயம் கிடைக்கும் என்ற அந்தக் கல்லூரியே கிடைத்தது. சுற்று முடிந்து காலியிட விவரம் வந்தபோது, திருநெல்வேலியில் அவள் ஆசைப்பட்ட பாடத்தில் இடம் மிச்சம் இருந்தது.

அந்த மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மனதில் இருப்பது பழைய கலந்தாய்வு. 1997-இல் ஒற்றைச் சாளர முறை வந்த பிறகு, நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிச் சென்னையில் இறங்கி, அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போவோம். நம் முறை வருகிறபோது எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் தெரியும். இருப்பதில் பார்த்து எடுப்போம். 2018-இல் எல்லாம் இணைய வழிக்கு வந்துவிட்டது. இப்போது என்ன மிச்சம் இருக்கும் என்று தெரிவதற்கு முன்னாலேயே பட்டியல் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஊகம் செய்கிறோம். ஊகம் செய்யவே தேவையில்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

எப்படி என்று கேளுங்கள். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். தரவரிசைதான் அந்த வரிசை. உங்கள் பிள்ளையின் முறை வரும்போது கம்ப்யூட்டர் அவளுடைய பட்டியலை மேலிருந்து படிக்கிறது. முதல் வரியில் உள்ள இடம் காலியா? காலி என்றால் அதைக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகிறது. இல்லை என்றால் இரண்டாவது வரி, பிறகு மூன்றாவது. அவளுடைய இரண்டாவது வரியைக் கம்ப்யூட்டர் பார்க்கிற அந்த நேரத்தில், அவளுக்குப் பின்னால் நிற்கிற யாரும் முந்திக்கொள்ள முடியாது. ஆகவே கிடைக்காத கல்லூரியை மேலே எழுதுவதால் நட்டம் ஒன்றும் கிடையாது. அது இல்லாவிட்டால் கீழே உள்ளது வரும், அவ்வளவுதான். ஆசைப்பட்ட கல்லூரிக்கு மேலே, கட்டாயம் கிடைக்கிற கல்லூரியை எழுதினால்தான் நட்டம். அதற்குக் கீழே இருப்பதைக் கம்ப்யூட்டர் திரும்பியே பார்க்காது.

நிஜமான ஆபத்து, பட்டியலைச் சின்னதாகக் கொடுப்பதில் இருக்கிறது. ஐந்து கல்லூரி எழுதிவிட்டு இருந்துவிடுகிறார்கள். ஐந்தும் நிரம்பியிருந்தால் அந்தச் சுற்றில் இடமே இல்லை. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதியே இருக்கும்போது ஏன் சிக்கனம்? மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஐம்பது எழுதுங்கள், எழுபது எழுதுங்கள். ஆனால் கிடைத்தால் சேர மாட்டேன் என்கிற கல்லூரியை ஒரு வரியில்கூட எழுதாதீர்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய. பெயரைப் பார்த்து ஏமாறாமல், குறியீட்டு எண்ணையும் ஊரையும் இருவராக உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். பட்டியல் கொடுக்க இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். ஆகவே நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் பின்னால் ஆள் நிற்க, அவசரத்தில் தட்டுகிற பட்டியல் வேண்டாம். கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை உறுதி செய்ய இரண்டே நாள். ஏற்றுச் சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்கிறேன், மேலே உள்ள விருப்பம் காலியானால் அங்கே மாற்றுங்கள் என்றும் சொல்லலாம். பலருக்கு இரண்டாவதுதான் நல்லது. ஆனால் மேலே மாறிவிட்டால் பழைய இடம் கைவிட்டுப் போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். பதிலே சொல்லாமல் இருந்தால் இடம் போய்விடும். 2022 முதல், ஒதுக்கப்பட்ட பிறகு குறிப்பிட்ட நாளுக்குள் போய்ச் சேராதவர்களின் இடத்தை, மேலே மாறக் காத்திருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மொபைலில் சிக்னல் இல்லாத ஊர் என்றால் அந்த வாரம் முழுக்கப் பக்கத்து டவுனில் உறவுக்காரர் வீட்டில் இருந்துகொள்ளுங்கள்.

எந்தப் பாடம் எடுப்பது? எல்லோரும் கம்ப்யூட்டர் என்கிறார்கள். பிடித்திருந்தால் எடுக்கட்டும். ஆனால் கயத்தாற்றைத் தாண்டும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் சுற்றுகிற காற்றாலைகளைப் பாருங்கள். தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாற்றில்தான் இருக்கிறது. இதே மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மின்னியலும் இயந்திரவியலும் படித்தவர்களுக்கு இந்த மண்ணிலேயே வேலை இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். கல்விக் கடன் நாலு லட்ச ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கிடைக்கும். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த அன்றே வங்கிக்குப் போங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வருகிறது. கேட்க அது சிறு தொகைதான். பஸ் பாஸ் எடுத்து, நோட்டு வாங்கி, மதியம் பசிக்கு ஏதாவது சாப்பிடுகிற பிள்ளைக்கு அது பெரிய தொகை.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போன பிள்ளைகளைப் பாதி வழியில் நின்றவர்களாகப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் பாலிடெக்னிக் இருக்கிறது. மூன்று வருட டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23-இல். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். டிப்ளமோவில் ஆரம்பித்து, தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் முதுநிலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று ஏறிப் போனவர். பி.இ. எந்தக் கல்லூரியில் கிடைத்ததோ அதோடு வாழ்க்கை முடிவாகிவிட்டது என்று அழுகிற பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

முதுநிலைக்கு கேட் தேர்வு. பொறியியல் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், பிப்ரவரியில் நடக்கும். வாங்கிய மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். கேட் தகுதியோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. படிக்கிற பிள்ளை வீட்டுக்குச் செலவு வைக்காமல் படிக்கலாம் என்பதை, "இன்னும் ரெண்டு வருசமா?" என்று தயங்குகிற பெற்றோர் கவனிக்க வேண்டும். மாநிலக் கல்லூரிகளில் எம்.இ. சேர, அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா என்ற நுழைவுத் தேர்வும் இருக்கிறது. இரண்டையும் எழுதி வைப்பது நல்லது.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், துணைத் தேர்வு எழுத வையுங்கள். அதில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு. பொதுச் சுற்றுகளில் இடம் கிடைக்காமல் போனவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வருகிற நாளைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே இருங்கள். விண்ணப்பம் போடத் தெரியாவிட்டால், அரசு அமைத்திருக்கும் சேவை மையத்துக்கு அசல் சான்றிதழ்களோடு போய் உட்காருங்கள். அங்கே அதற்குக் கட்டணம் கிடையாது.