கண்ணில் அடிக்காத வெளிச்சம்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



லெம்பா பெர்த்தாம் லயத்தில் பிறந்து, இந்தப் பள்ளியில் படித்து, பிறகு விமானங்களில் மின்கம்பி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்வியின் பெருமை பற்றிப் பேசத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். காரணம், இன்று காலை கண்காட்சி அறையில் நடந்த ஒரு சம்பவம்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூங்கிலாலும் பால் டின்னாலும் ஒரு விமானம் செய்து வைத்திருந்தான். என்னைக் கண்டதும், "ஐயா, பெரியவனானதும் நானே சொந்தமா ஒரு சின்ன பிளேன் கட்டப் போறேன். ராத்திரியில ஓட்டுறப்போ உள்ள என்ன லைட்டு போடணும்?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கொழுந்து எடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஏரோப்பிளேன் கேக்குதா?" என்றார் ஒருவர். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியோர்களே, அது சிரிக்கக்கூடிய கேள்வி அல்ல. அதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

சொந்தமாக விமானம் கட்டுவது நடக்காத காரியமா? 1910-ஆம் ஆண்டிலேயே, சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி ஆஞ்செலிஸ் என்பவர், சிம்ப்சன் வண்டிப் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டவைத்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். நம் காலத்திலோ, மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். பல ஆண்டுகள் போராடி, 2017-இல் அதை அரசாங்கத்தில் பதிவு செய்தார்.

இப்போது விளக்குக்கு வருவோம். எங்கள் அம்மா விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது நான் டார்ச்சுலைட் பிடித்துக்கொண்டு கூடப் போவேன். விளையாட்டாக அவர் முகத்தில் அடித்தால், "கண்ணுல அடிக்காதடா, போற வழி தெரியாம போயிரும். கீழ பிடி!" என்று அதட்டுவார். பிற்காலத்தில் நான் படித்த பாடம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருந்தது.

நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் கோல் செல்கள்தான் இருட்டில் பார்க்க உதவுகின்றன. பளிச்சென்ற வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். விமானிக்கு உள்ளே இருக்கும் மானிகளும் தெரிய வேண்டும், வெளியே இருக்கும் மலையும் தெரிய வேண்டும். மலை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை மலையில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் என்ன நிறம் போடுவது? கோல் செல்களைச் சிவப்பு வெளிச்சம் அதிகம் பாதிப்பதில்லை. அதனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. வரைபடத்தில் சிவப்பு மையில் போட்ட கோடு சிவப்பு வெளிச்சத்தில் மறைந்துவிடும். ஆகவே மிகவும் மங்கலாகக் குறைக்கக்கூடிய வெள்ளை விளக்கே இன்று பலருடைய தேர்வு. நிறத்தைவிடக் குறைக்கும் திருகுதான் முக்கியம்.

அடுத்தது, வைக்கும் இடம். பனிமூட்டத்தில் டார்ச்சை நிமிர்த்தினால் வெள்ளைச் சுவர்போல வெளிச்சம் நம்மீதே திரும்பும் அல்லவா? விமானத்தின் கண்ணாடியும் அப்படித்தான். விளக்கைக் கூரையில் மாட்டினால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து வெளியை மறைக்கும். மானிப் பலகையின் மேல் விளிம்புக்கு அடியில், கீழ்நோக்கி மறைத்து வைக்க வேண்டும். பலகைக்கு மினுக்காத கறுப்புச் சாயம் அடித்தால் இன்னும் நல்லது.

மாணவர்களே, இனி ஒரு கணக்கு. 12 வோல்ட் பேட்டரியில் 6 வாட் பல்பு அரை ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். நான்கு பல்புக்கு 2 ஆம்பியர். 1 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு போட்டால் மொத்தமே ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். மின்சாரம் உண்டாக்கும் கருவி நடுவானில் நின்றுபோனால் பேட்டரி மட்டுமே கதி. அப்போது மிச்சம் பிடித்த ஒவ்வோர் ஆம்பியரும் ரேடியோ பேசுவதற்கு உதவும். ஆனால் மட்டமான எல்.இ.டி. சாதனம் சில ரேடியோவில் இரைச்சல் உண்டாக்கும். தரையிலேயே விளக்கைப் போட்டு, ரேடியோவைக் காதில் வைத்துச் சோதித்துவிட வேண்டும்.

விளக்குக் கம்பிக்குத் தனி பியூஸ் வேண்டும். என்னதான் செய்தாலும் விளக்கு ஒருநாள் அணையும். ஆகையால் விமானத்து மின்சாரத்தை நம்பாத டார்ச்சுலைட் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள். பறப்பதற்கு முன்னால், இருட்டுக் கொட்டகையில் விமானத்துக்குள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார். கண்ணை உறுத்துவது எது, கைக்கு எட்டாதது எது என்று அப்போது தெரிந்துவிடும். இரவில் பறக்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் விளக்கு வாங்குமுன் கேட்டுக்கொள்.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் என் பதில்.

பெற்றோர்களே, இன்றைய பரிசுப் பட்டியலில் அந்தப் பையனின் பெயர் இல்லை. அதில் தவறில்லை, பரிசு மதிப்பெண்ணுக்கு உரியது. ஆனால் பிள்ளை கேள்வி கேட்கும்போது நாம் சிரித்துவிட்டால், அதுவும் கண்ணில் டார்ச்சு அடித்த மாதிரிதான். அவனுக்குப் போகிற வழி தெரியாமல் போய்விடும். பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியலப்பா, வா, தெரிஞ்சவங்ககிட்ட கேப்போம்" என்று சொல்லுங்கள். வெளிச்சத்தை அவன் காலடியில் பிடியுங்கள், அவன் நடந்துகொள்வான்.